மடக்கினால் பிடி, விரித்தால் கத்தி!

உங்களுக்குத் தெரியுமா? நம் முன்னோர் எழுதிய பேனாவுக்குள்ளேயே ஒரு கத்தி இருந்தது! பெயர் மடக்கெழுத்தாணி. பிடியின் ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் கத்தி. வேலை முடிந்ததா? மடக்குங்கள்! இரண்டும் பிடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது ஒரு சின்னத் துண்டுதான்!

பிடி மரத்தில் இருக்கும். கொம்பில் இருக்கும். வசதியுள்ள வீட்டில் யானைத் தந்தத்திலேயே இருக்கும்!

கத்தி எதற்கு? ஓலையின் ஈர்க்கை நீக்க, வார, அளவாக நறுக்க, ஓரம் சீவ. ஏடு எழுதுபவரின் அலுவலகமே ஒரு பிடிக்குள் அடக்கம்!

குண்டெழுத்தாணி உண்டு, வாரெழுத்தாணி உண்டு. ஆனால் என் ஓட்டு மடக்கெழுத்தாணிக்குத்தான். மடியில் செருகிக்கொண்டு பத்து மைல் நடந்தாலும் முனை குத்தாது!

'பேனாக்கத்தி' என்கிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவிப் பேனா செய்ய ஒரு குட்டிக் கத்தி வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பேனா ஒரு கையில், கத்தி மறு கையில். நமக்கு இரண்டும் ஒரே பிடியில்!

பேனாக்கத்திக்கு மலையாளத்தில் என்ன பெயர்? பேனாக்கத்தி! மடக்குக் கத்திக்கு? மடக்குகத்தி! வாளையாறு, கோபாலபுரம், சின்னாறு, போடிமெட்டு, குமுளி, எந்தச் சோதனைச் சாவடி வழியாகப் போனாலும் இந்தக் கத்தியின் பெயர் மட்டும் மாறாது!

மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் எங்கே வாழ்ந்தார் தெரியுமா? நம் எல்லையோரச் சித்தூரில்! பாலக்காடு மாவட்டம், சோகநாசினி ஆற்றங்கரை, குருமடம். அவருடையது என்று போற்றப்படும் எழுத்தாணி இன்றும் அங்கே இருக்கிறது. விஜயதசமி அன்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மண்ணில்தான் முதல் எழுத்து எழுத வைக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இரும்புக் கூர் 21-ஆம் நூற்றாண்டின் பிள்ளைக்கு அரிச்சுவடி தொடங்கி வைக்கிறது!

அந்தச் சித்தூரிலிருந்து கொஞ்ச தூரம்தான் கொழிஞ்சாம்பாறை. கேரளத்தில் இருக்கிறது, கடைத்தெருவில் தமிழ் கேட்கிறது! அந்தப் பக்கத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றில் வாங்கிய மடக்குக் கத்தி இப்போது என் மேசையில் கிடக்கிறது. மூடினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். 68 கிராம்!

பிடி எருமைக் கொம்பு. கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். காலை வெயிலில் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். விளிம்பில் தேன் நிறம் ஒளிர்கிறது! உள்ளே புகை உறைந்த மாதிரி பழுப்புக் கோடுகள். இரண்டு பக்கமும் ஒரே கொம்பில் அறுத்த துண்டுகள். இந்தப் பக்கத்துக் கோடு நிற்கும் இடத்தில் அந்தப் பக்கத்துக் கோடு தொடங்குகிறது!

பிடியில் மூன்று பித்தளை ஆணி. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஆணி எங்கே முடிகிறது, கொம்பு எங்கே தொடங்குகிறது, விரலுக்குத் தெரியவே இல்லை!

திறக்கும்போது பாதியில் ஒரு 'டிக்'. முழுதாக விரிந்ததும் ஒரு 'டக்'. இந்த இரண்டு சத்தத்தைக் கேட்டே கத்தி செய்தவரின் கை எப்படி என்று சொல்லிவிடுவார்கள்!

ஸ்க்ரூ? ஒன்று கூடக் கிடையாது. பசை? ஒரு சொட்டு கூடக் கிடையாது. ஓர் அலகு, ஒரு வில், இரண்டு கொம்புத் துண்டு, மூன்று ஆணி. மொத்தம் 7 உருப்படி!

நல்ல மடக்குக் கத்தியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விரித்து, விளக்குக்கு எதிரே பிடியுங்கள். அலகின் அடியும் முதுகில் உள்ள வில்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அது இரண்டாம் தரம். என் கத்தியில் தெரியவில்லை!

அலகின் மேலோரம் பிறை போல் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் அலகு எழும்பும். அதே பிறை ஓலை எழுதியவர்களின் நகத்திலேயே இருந்தது தெரியுமா? இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் சாய்த்து எழுதுவார்கள்! வலது கை பெரிதாக நகராது. இடது கை ஓலையைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கும். பேனா நிற்க, தாள் ஓடியது!

கொம்பும் எலும்பும் ஒன்று என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்! பட்டறைப் பெரியவர் சிரித்தார். "கொம்பு சூட்டுல இளகுமுங்க. எலும்பு இளகாதுங்க, வெடிக்கும்." அடுப்பு அனலில் ஒரு கொம்புத் துண்டைக் காட்டினார். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கினார். வளைந்த கொம்பு ஆறியதும் பலகை போல் நேராகிவிட்டது!

காரணம் கேட்டால் அசந்துபோவீர்கள். எருமைக் கொம்பின் மேல்தோடு முழுக்க கெரட்டின். உங்கள் நகம் எதனால் ஆனதோ, உங்கள் தலைமுடி எதனால் ஆனதோ, அதே சரக்கு! கொம்புப் பிடியைப் பிடிப்பது இன்னொரு உயிரின் நகத்தைப் பிடிப்பது மாதிரி!

நகம் மழையில் ஊறும் அல்லவா? கொம்பும் ஊறும்! ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். மூணாறு மழையில் இறுகும் பிடி பாலக்காட்டுக் கணவாயின் மாசிக் காற்றில் தளரும். கத்திக்கும் ஊர் தெரியும்!

மருந்து? துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்!

மான் கொம்பு வேறு கதை. அது கெரட்டினே இல்லை, சுத்த எலும்பு! ஆண்டுதோறும் உதிர்ந்து, ஆண்டுதோறும் புதிதாக முளைக்கிறது. பெரிய மான் இனங்களில் ஒரே நாளில் ஓர் அங்குலம் வரை வளரும்! பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது!

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே பெருமையாக விற்ற மான்கொம்புப் பிடிகளின் கொம்பு எங்கிருந்து போனது தெரியுமா? இந்தியக் கடமானின் தலையிலிருந்து! ஆனைமலையிலும் இரவிகுளத்திலும் இன்றும் மேய்கிறதே, அதே மிளா!

ஏன் கடமான்? அதன் கொம்பில் நடுவே உள்ள பஞ்சு எலும்பு மிகக் குறைவு. சுற்றிலும் உள்ள கெட்டி எலும்பு மிகத் தடிமன். அறுத்து இழைத்தாலும் தோடு மிஞ்சும்!

இன்று காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பை எடுத்து விற்றாலும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி! மிகச் சரியான சட்டம். உதிர்ந்த கொம்புக்குக் காட்டிலேயே ஆள் இருக்கிறது. முள்ளம்பன்றி! சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறித்துத் தின்றுவிடும்!

தந்தமும் அப்படியே. இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986-இல் தடை விழுந்தது. தாத்தா காலத்துத் தந்தப் பிடி மடக்கெழுத்தாணி அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அழகு. புதிதாக ஒன்று வேண்டவே வேண்டாம்!

மரத்துக்கு வருவோமா? கருங்காலித் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்காது, மூழ்கும்! மரம் கல்லாகிப் போன மாதிரி! அதனால்தான் கத்திப் பிடியில் அது தலைமுறை கடந்தும் உழைக்கிறது.

தோதகத்தி மரத்துக்குக் கேரளத்தில் ஈட்டி என்று பெயர். ஆயுதத்தின் பெயரையே சுமக்கும் மரம்! ஊதா ஓடும் கரும்பழுப்பு, உள்ளே கருங்கோடுகள். 2017 முதல் அதன் இனத்து மரங்கள் அத்தனையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில்!

பனை மரத்துக்கு வளையம் கிடையாது தெரியுமா? பல மரங்களை அறுத்தால் வயதுக்கு ஒன்றாக வளையம் எண்ணலாம். பனையை அறுத்தால் கறுப்பு நார்கள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும்! வெளிச்சுற்றில் வைரம் பாய்ந்திருக்கும், உள்ளே மெத்தென்றிருக்கும். கத்திப் பிடிக்கு வெளிச்சுற்று மட்டும்தான். நீளவாக்கில் இழைத்தால் மழைக்கோடு, குறுக்கே அறுத்தால் மழைத்துளி. ஒரே மரத்தில் இரண்டு அலங்காரம்!

அதே பனைதான் எழுத ஓலை தருகிறது. மடக்கெழுத்தாணியின் தீனியும் பனை, சில சமயம் பிடியும் பனை!

கேரளத்தில் இன்னொரு பனையிலும் எழுதினார்கள். குடைப்பனை! வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். அதுவும் 30 முதல் 80 ஆண்டு வரை காத்திருந்து! பூத்தால் உச்சியில் 6 மீட்டருக்கும் மேல் உயரமான பூங்கொத்து, பல லட்சம் பூக்கள். காய்த்து முடித்ததும் மரம் செத்துவிடும். உலகில் இதைவிடப் பெரிய பூங்கொத்து எந்தத் தாவரத்திலும் இல்லை!

டச்சுக்காரர் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' என்ற மலபார்த் தாவர நூலிலும் இந்தப் பனை இருக்கிறது. 1678 முதல் 1693 வரை வெளிவந்த நூல் அது. 12 தொகுதிகள், 742 செடிகொடிகள்!

மறையூர்ச் சந்தனமும் கத்திப் பிடிக்கு வருமா என்று கேட்பீர்கள். அதை முகர்ந்துவிட்டு நகர்வோம், அங்கே காட்டுக்கே வேலியும் காவலும் உண்டு! ஆனால் ஒரு செய்தி. சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சத்தை உறிஞ்சி வாழ்கிறது! அவ்வளவு மணம் கடன் வாங்கிய சாப்பாட்டில்!

சரி, அலகு? எஃகு! அந்தச் சொல்லை மறுபடி பாருங்கள். நடுவில் ஆய்த எழுத்து! அடுப்புக் கல் மாதிரி மூன்று புள்ளி. 759-ஆம் குறளிலேயே எஃகு வந்துவிட்டது. கத்தியைக் கூராக்கும் அரம்? அது 997-ஆம் குறளில்!

புறநானூற்றில் ஔவையார் கொல்லன் பட்டறையைப் பாடியிருக்கிறார் தெரியுமா? 95-ஆம் பாட்டு. போரில் நுனி முறிந்த வேல்கள் கொல்லன் வீட்டுக் குடிலில் கிடக்கும் காட்சி. பட்டறைக்கு இலக்கியத்தில் கிடைத்த மரியாதை!

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே வாருங்கள். நொய்யல் கரையில் கொடுமணல், ஈரோடு மாவட்டம். அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன! மேற்குக் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாகக் கிழக்கே போன பெருவழியில் இருந்த ஊர். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான்!

தென்னிந்திய உருக்கை வெளிநாட்டார் 'ஊட்ஸ்' என்றார்கள். லண்டனில் அதைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்தவர் யார்? மைக்கேல் ஃபாரடே! மின்சாரத்தில் பெயர் வாங்கும் முன்பே, 1819-இல்! நம் ஊர் இரும்பு அவரையும் விடவில்லை!

அந்த வகை உருக்கில் செய்த 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றை ஜெர்மன் விஞ்ஞானிகள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே கார்பன் நானோ குழாய்கள்! 2006-இல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. நானோ என்ற சொல்லையே அறியாத கொல்லன் நானோ வேலை செய்திருக்கிறான்!

இரும்பின் வயது? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஒரே தாவலில் 1,173 ஆண்டு பின்னால்!

என் கத்தியின் அலகு எதில் அடித்தது தெரியுமா? லாரியின் அடியில் கிடக்கும் வில்பட்டை! ஆயிரக்கணக்கான மைல் மேடுபள்ளத்தைத் தாங்கிய இரும்பு இப்போது என் வீட்டில் மாங்காய் நறுக்குகிறது!

பழைய பேரிங் வளையம் கிடைத்தால் பெரியவர் முகம் மலர்ந்துவிடும். வில்பட்டையில் கரியின் பங்கு 0.6 சதவீதம் போல. பேரிங்கில் 1 சதவீதம்! அந்த 0.4 வித்தியாசம் கூரின் ஆயுளில் தெரியும்!

உலையில் என்ன கரி? சிரட்டைக் கரி! தேங்காயைத் துருவிவிட்டு நாம் தூக்கிப் போடும் சிரட்டை!

அலகு சரியாகக் காய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தத்தைக் காட்டுங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பைக் காந்தம் தீண்டாது! ஒட்டவில்லையா? இன்னும் கொஞ்சம் சூடு, அப்புறம் தோய்ச்சல்!

பெரியவரிடம் காந்தம் இல்லை, வெப்பமானியும் இல்லை. நிறம் பார்க்கிறார். தோய்ச்சலுக்குப் பிறகு அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டுகிறார். வெள்ளை அலகில் மெல்ல வைக்கோல் நிறம் ஓடுகிறது. அது 220 டிகிரிக்கு மேல். அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா. 300 டிகிரியில் மயில் கழுத்து நீலம்! கூர் வேண்டிய அலகுக்கு வைக்கோலில் நிறுத்துகிறார். வளைய வேண்டிய வில்லுக்கு நீலம் வரை விடுகிறார். ஒரே கத்திக்குள் இரண்டு நிறத்தில் நின்ற இரும்பு! இரண்டுக்கும் நடுவே சில விநாடிதான் இடைவெளி. அவர் ஒருமுறை கூடத் தவறவிடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்!

இந்த இரும்பு துருப்பிடிக்குமே? பிடிக்கும்! அதற்கும் வழி இருக்கிறது. புளிப்பு மாங்காயை நறுக்குங்கள். புளிப்பு பட்டு அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் படியும். சிவப்புத் துருவை அது கொஞ்சம் தள்ளி நிறுத்தும். நம் அரிவாள்மணை கறுத்திருப்பதும் அந்த வகைதான்!

உலகின் மிகப் பழைய மடக்குக் கத்திகளில் ஒன்று ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்தது. வயது சுமார் 2,500 ஆண்டு. பிடி? எலும்பு! முதல் நாளிலிருந்தே இயற்கைப் பிடிதான்!

ரோமானியர் ஒரு படி மேலே போனார்கள். கத்தி, கரண்டி, முள்கரண்டி, பல்குத்தி எல்லாம் மடங்கும் வெள்ளிச் சாதனம். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு. இன்று கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில்!

பிரான்ஸின் ஒபினெல் கத்தியைச் செய்த ஜோசப் ஒபினெலுக்கு அப்போது வயது 18! ஆண்டு 1890. பீச் மரப்பிடி. இன்றும் அதே வடிவம்!

அதே நாட்டின் லாகியோல் கத்தியை 1829 முதல் செய்கிறார்கள். மாட்டுக்கொம்புப் பிடி. அதில் சிறு ஆணிகளை அடித்தே ஒரு சிலுவை வரைந்திருப்பார்கள். மலையில் ஆடு மேய்ப்பவர் கத்தியை மண்ணில் குத்தி நிறுத்திப் பிரார்த்தனை செய்வாராம்!

ஷெஃபீல்டில் 1851 உலகக் கண்காட்சிக்காக ஒரே மடக்குக் கத்தியில் 75 அலகு வைத்தார்கள். அதுவே பெரிதா? அதைச் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் செய்த இன்னொரு கத்தியில் 1,822 அலகுகள்! ஆண்டுக்கு ஓர் அலகு என்று கணக்கு!

நம் நாட்டுக்கு வாருங்கள். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் நாற்சந்தியில் ஒரு மடக்குக் கத்தி நிற்கிறது. 2023-இல் வைத்தார்கள். உயரம் 20 அடி!

கூர்மையில் யாருக்கு முதலிடம் என்று கேட்டால் நம் ஊர் சவரக்கத்தியைக் காட்டுவேன். அதுவும் மடக்குக் கத்திதானே! கொம்புப் பிடிக்குள் மடங்கி, தோல் வாரில் நாலு தீட்டு வாங்கி, கன்னத்தில் காற்று மாதிரி போகும்!

எஃகு முடியைவிட 50 மடங்கு கடினம். அப்படியும் முடி எஃகைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது தெரியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தே சொன்னார்கள், 2020-இல்! நாவிதர் அடிக்கடி தோலில் தீட்டியது சும்மா இல்லை!

இடுக்கியின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஒரு மடக்குக் கத்தி வந்து சேர்ந்தது. மொட்டு ஒட்டும் கத்தி! ஒரு பக்கம் எஃகு அலகு, மறுபக்கம் எலும்பில் ஒரு சின்ன நாக்கு. அலகு பட்டையைக் கீறும், நாக்கு காயப்படுத்தாமல் தூக்கும். நல்ல ரக ரப்பர் மரம் ஒவ்வொன்றும் இப்படி ஒரு கீறலில் ஒட்டுப் போட்டுப் பிறந்தது!

பால் எடுக்கும் கத்தி மடங்காது. ஆனால் அதன் கணக்கைக் கேளுங்கள். மரத்தின் உயிர்ப் படலத்துக்கு 1 மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அதிகாலை இருட்டில், தலையில் விளக்கோடு!

தேயிலைத் தோட்டத்தில் செடியை வெட்டிச் சீராக்குவதற்குக் 'கவாத்து' என்று பெயர். மூணாற்றுக் கவாத்துக் கத்தி ஒரே வெட்டில் கிளையை வாங்க வேண்டும். பிசிறு விழுந்தால் செடி அழுகும்!

சித்தூர் வட்டாரம்தான் கேரளத்தின் கள்ளுக் களஞ்சியம். பாளை சீவுபவரின் கத்தி தாள் கனத்துக்குச் சீவும், ஒவ்வொரு நாளும்! பாளையைத் தட்டிப் பதப்படுத்த அவர் வைத்திருப்பது சுத்தியல் இல்லை. விலங்கின் தொடை எலும்பு! அங்கேயும் எஃகுக்குத் துணை எலும்பு!

பாலக்காடும் சேர்ந்திருந்த பழைய மலபார் மாவட்டத்தில் கத்திக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள் தெரியுமா? 1854-இல்! கலெக்டர் கானலி ஊர் ஊராகப் போய்ப் போர்க்கத்திகளைக் கேட்டு வாங்கினார். சில வாரங்களில் குவிந்தவை 7,561!

அவ்வளவு கத்திக்கும் பட்டறை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மலபார் முழுக்கச் சம்மட்டிச் சத்தம் கேட்டிருக்கும்!

பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடு என்ற ஊர்ப்பெயரையே கொல்லனோடு சேர்த்துச் சொல்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். தென்மலை அடிவாரத்து நெல்வயல் ஊருக்கு இரும்பில் ஒரு பெயர்!

இலங்கையின் கண்டியில் அரசர் பட்டறைகளில் செய்த 'பிஹா கேத்த' கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? தந்தத்திலும் கொம்பிலும் பிடி, மேலே வெள்ளிக் கொடி வேலைப்பாடு. மடங்காது என்ற ஒரே குறை!

நம் வீட்டுப் பழக்கத்துக்கு வாருங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், அவர் எடுத்துக்கொள்வார். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு வைப்போம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பேனாவுக்கும் உண்டு, கத்திக்கும் உண்டு. மடக்கெழுத்தாணிக்கு ஒரே பொட்டு போதும்!

கடைசியாக அந்தப் பட்டறைக்கே போகிறேன். கத்தி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அலகு மடங்கும் இடத்து ஆணியைத் தலை தட்டி இறுக்க வேண்டியதுதான் பாக்கி. சம்மட்டி இல்லை, புளியங்கொட்டை அளவு தலை வைத்த சின்னச் சுத்தி. பெரியவர் தட்டுகிறார், அலகை அசைத்துப் பார்க்கிறார். மறுபடி தட்டுகிறார், அசைக்கிறார். காதருகே வைத்துக் கேட்கிறார்! "ஒரு தட்டு கூடுனா இறுகிப் போகுமுங்க. ஒண்ணு குறைஞ்சா காலத்துக்கும் ஆடுமுங்க." ஒரு தட்டு. ஓர் அசைப்பு. இன்னொன்று, மெதுவாக. சட்டென்று சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். அலகு விரலுக்கு விரிந்தது, 'டக்'. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். 41 தட்டு!